நோயாளியின் கட்டிலருகே

வானொலி மறையுரை: ஆண்டின் பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
வாசகங்கள்: யோபு 7:1-4, 6-7, 1 கொரிந்தியர் 9:16-19, 22-23, மாற்கு 1:29-39

கோவிலுக்கு வர முடியாமல் கட்டிலில் படுத்தபடியே இன்றைய திருப்பலியை மனத்தால் ஒப்புக்கொடுக்கிற முதியவர்களுக்கும் நோயாளர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்கிற பிள்ளைகளுக்கும், மருமக்களுக்கும், செவிலியர்களுக்கும் சிறப்பான வணக்கம். இன்றைய இறைவார்த்தை முதலில் உங்களைத்தான் தேடி வருகிறது.

முதல் வாசகத்தில் யோபு தம் இரவைப் பற்றிப் பேசுகிறார். படுத்தால் எப்போது எழுந்திருப்போம் என்று இருக்கிறது. இரவு நீண்டுகொண்டே போகிறது. விடியும்வரை புரண்டு புரண்டு படுக்கிறார். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு இந்த வாசகத்திற்கு விளக்கமே தேவையில்லை. சுவரில் ஓடும் கடிகாரமும், பக்கத்துக் கட்டிலில் இருமுகிறவரும், தூரத்தில் கேட்கும் செருப்புச் சத்தமும் அவர்களுக்குத் தெரியும். நோயாளியின் இரவு மற்றவர்களின் இரவைப்போல் எட்டு மணி நேரத்தில் முடிவதில்லை.

அந்த இரவுக்குப் பதிலாகத்தான் இன்றைய நற்செய்தி வருகிறது. இயேசு கப்பர்நாகூமின் தொழுகைக்கூடத்திலிருந்து வெளியே வந்து சீமோன் வீட்டுக்குப் போகிறார். சீமோனின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். வீட்டார் அதை இயேசுவிடம் சொல்கிறார்கள். அவர் கட்டிலருகே போகிறார். கையைப் பற்றி எழுப்புகிறார். காய்ச்சல் விட்டுவிடுகிறது. அந்த அம்மா எழுந்து வந்தவர்களைக் கவனிக்கத் தொடங்குகிறார். நம் வீட்டு அம்மாக்களைப் போலவேதான். காய்ச்சல் விட்டதும் அடுப்படிக்குப் போய்விடுகிறார்!

மாற்கு இதை மூன்றே வசனங்களில் சொல்லி முடிக்கிறார். ஒன்றைக் கவனியுங்கள். இயேசு காய்ச்சலைக் கடிந்துகொண்டதாக லூக்கா எழுதுகிறார். மாற்கு எழுதும்போது இயேசு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கட்டிலருகே போனதும், கையைப் பற்றியதும், எழுப்பியதும் மட்டுமே அங்கே இருக்கின்றன.

அன்பார்ந்தவர்களே, அதே காய்ச்சல் இன்று நம் வீட்டில் ஒருவருக்கு வந்தால் என்ன நடக்கும்? முதலில் செல்போனை எடுப்போம். அறிகுறிகளைத் தட்டிப் பார்ப்போம். சாதாரணக் காய்ச்சலில் தொடங்கிப் பத்து நிமிடத்திற்குள் உலகத்தில் உள்ள எல்லா நோய்களையும் படித்து முடித்துவிடுவோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போகும். துபாயிலிருந்து ஒரு மாமா ஒரு கஷாயம் சொல்வார். சென்னையிலிருந்து ஒரு சித்தி அது கூடாது, இதுதான் நல்லது என்பார். கைகூப்பும் படங்கள் நாற்பது வரும். எல்லாரும் பேசி முடித்த பிறகு, காய்ச்சலில் கிடக்கிறவரின் நெற்றியில் யாராவது கை வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டால், அதற்குத்தான் ஆள் இருக்காது.

இதைச் சொல்வது கருவிகளைக் குறைகூற அல்ல. மருத்துவத்தை மதிக்க வேண்டும் என்று திருவிவிலியமே கற்பிக்கிறது. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். மருத்துவருக்கு உரிய மதிப்பைக் கொடுக்கச் சொல்கிறது. மருந்துகளை மண்ணிலிருந்து விளையச் செய்தவர் ஆண்டவரே என்கிறது. நோயுற்றால் இறைவனிடம் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு என்று இரண்டையும் சேர்த்தே வைக்கிறது. ஆகவே, செபம் பண்ணுகிறேன், மாத்திரை வேண்டாம் என்பது கத்தோலிக்க விசுவாசம் அல்ல.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். 2008ஆம் ஆண்டு முதல் 108 என்று அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்தவர்களும், நள்ளிரவில் வலி கண்ட கர்ப்பிணிகளும் அதனால் பிழைத்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். இவற்றிற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். காயப்பட்டவனைத் தன் கழுதைமேல் ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டுபோன சமாரியன் இன்று இருந்திருந்தால், அவனும் 108ஐத்தான் அழைத்திருப்பான். ஆனால் அழைத்துவிட்டுப் போயிருக்க மாட்டான். வண்டி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

இன்று நாம் பேச விரும்புவது அந்த உட்கார்ந்திருத்தலைப் பற்றித்தான். கருவி எவ்வளவு தூரம் வரும், எந்த இடத்தில் நம் கை தேவைப்படுகிறது? இந்தக் கேள்வி மிகக் கூர்மையாய் எழுகிற இடம் ஒன்று உண்டு. அது தீவிர சிகிச்சைப் பிரிவு, நாம் ஐ.சி.யு. என்று சொல்கிற அந்தக் கண்ணாடிக் கதவு.

அந்தக் கதவு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1952ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ கடுமையாய்ப் பரவியது. நோய் மூச்சுத் தசைகளைத் தாக்கியதால், பிள்ளைகள் மூச்சுவிட முடியாமல் இறந்துகொண்டிருந்தார்கள். மூச்சுக்கு உதவும் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே அந்த மருத்துவமனையில் இருந்தன. அறுவைச் சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் பியோர்ன் இப்சன் என்பவரை அழைத்தார்கள். அவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் சிறு துளையிட்டு, குழாய் பொருத்தி, அதோடு ஒரு ரப்பர்ப் பையை இணைத்தார். பையைக் கையால் அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். சிறுமி பிழைத்தாள்.

ஆனால் அந்தப் பையை யார் அமுக்கிக்கொண்டே இருப்பது? மூச்சுக்கு இடைவேளை கிடையாதே! மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 மாணவ மாணவியர் வந்தார்கள். இரவும் பகலும் முறைவைத்து, ஒரு கட்டிலுக்கு ஒருவராக உட்கார்ந்து, மாதக்கணக்கில் அந்தப் பைகளை அமுக்கினார்கள். மூச்சுவிட முடியாத ஒரு பிள்ளைக்கு முன்பின் அறியாத ஒருவருடைய கை மூச்சானது. சிலர் பையை அமுக்கிக்கொண்டே பிள்ளைகளுக்குக் கதை வாசித்தும் காட்டினார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே வித்து. அந்தக் கைகள் செய்த வேலையைத்தான் பிறகு வென்டிலேட்டர் என்கிற இயந்திரம் எடுத்துக்கொண்டது.

இயந்திரம் அந்த வேலையைக் கைகளைவிடச் சீராகச் செய்கிறது. தூங்குவதில்லை, களைப்பதில்லை. கொரோனா காலத்தில் எத்தனை குடும்பங்களுக்கு அது உயிர் திருப்பிக் கொடுத்தது என்பதை நாம் மறக்க முடியாது. ஆனால் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஆளின் நாற்காலி காலியாகிவிட்டது. அதை இயந்திரத்தின் குற்றமாகச் சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்றும் நடந்தது. நிற்கவிருந்த மூச்சைத் தொடரவைக்க இயந்திரத்தால் முடியும் என்று ஆனதும், முன்பு எந்தத் தலைமுறைக்கும் வராத ஒரு கேள்வி நமக்கு வந்தது. எதுவரை தொடர வேண்டும்?

பங்குகளில் பணியாற்றும் எங்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் இரவில், தொலைபேசியில் வரும். அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. பல உறுப்புகள் செயலிழந்துவிட்டன. குணமாக வழியில்லை என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். இயந்திரத்தில் வைக்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்கள். மூத்த மகனுக்கு இருந்த நிலத்தை விற்றாகிவிட்டது. மகளின் நகைகள் அடகுக் கடையில் இருக்கின்றன. பணம் ஒருபக்கம் இருக்கட்டும். அவர்களை உண்மையில் அரிப்பது வேறு. “சாமி, வேண்டாம்னு சொன்னா பாவமா? அப்பாவை நாங்களே சாக விட்டதா ஆயிடுமா? நாளைக்கு ஊர் என்ன பேசும்?”

இந்தப் பயத்தோடு வாழும் பிள்ளைகள் நம் பங்குகளில் பலர் இருக்கிறார்கள். தாயோ தந்தையோ இறந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும், ஒப்புரவு அருளடையாளத்தில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் திருஅவையின் போதனையை இன்று தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இந்தப் போதனை நேற்றுப் பிறந்ததல்ல. 1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் புருனோ ஹைட் எழுப்பிய கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பதில் அளித்தார். கேள்வி நம் மூத்த மகனுடைய கேள்விதான். மூச்சு இயந்திரத்தைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டுமா? குணமாகும் நம்பிக்கை இல்லாதபோது அதை நிறுத்தலாமா? கோபன்ஹேகனில் அந்தச் சிறுமி பிழைத்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன.

திருத்தந்தையின் பதிலின் சாரம் இதுதான். உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் கடமை நமக்கு உண்டு. ஆனால் அந்தக் கடமை, இடத்தையும் காலத்தையும் ஆளின் நிலையையும் பார்த்து, சாதாரணமான வழிகளைப் பயன்படுத்துவதோடு நிறைவடைகிறது. நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ பெருஞ்சுமையாகிற அசாதாரணமான வழிகளைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று கடவுள் கேட்பதில்லை. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும் 2278ஆம் எண்ணில் இதையே கற்பிக்கிறது. பெருஞ்சுமையான, ஆபத்தான, கிடைக்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சைகளை நிறுத்துவது முறையானதாக இருக்கலாம். அப்படி நிறுத்துகிறவர் சாவை விரும்புவதில்லை. சாவைத் தடுக்கத் தம்மால் முடியவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறார்.

ஆகவே, அன்பு மகனே, மகளே, மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, பலன் தராத இயந்திரம் வேண்டாம் என்று வேதனையோடு நீங்கள் சொல்லியிருந்தால், நீங்கள் உங்கள் தந்தையைக் கொல்லவில்லை. நோய்தான் அவர் உயிரை எடுத்தது. ஊர் பேசுவதைக் கேட்டு உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உயிரைப் போக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊசி போடுவதும், அதற்காகவே செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பாவம். அது கருணை என்ற பெயரில் வந்தாலும் கொலைதான். பணம் செலவாகிறது, சொத்தைப் பிரிக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று குணமாகக்கூடிய ஒருவரின் சிகிச்சையை நிறுத்துவதற்கு இந்தப் போதனையில் இடம் இல்லை. உடல் ஏற்றுக்கொள்ளும்வரை உணவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். உடம்பைத் துடைத்துவிடுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, வாய் காய்ந்தால் நனைப்பது ஆகியவற்றை எந்த மருத்துவரும் எந்தக் குடும்பமும் நிறுத்த முடியாது. சிகிச்சைக்கு ஓர் எல்லை வரலாம். பராமரிப்புக்கு எல்லை கிடையாது.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. “சிலுவையில் ஆண்டவர் வலியைத் தாங்கினார், நாமும் தாங்கத்தான் வேண்டும், மார்பின் எல்லாம் வேண்டாம்” என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். தனக்கு வந்த வலியை ஒருவர் தாமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் அது புனிதம். பக்கத்து நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் நாம், படுத்திருப்பவரின் வலியை அவர் சார்பில் ஒப்புக்கொடுக்க முடியாது! அதே 1957ஆம் ஆண்டு பிப்ரவரியில் பேசிய இன்னோர் உரையில், வலியைக் குறைக்க மருந்து கொடுப்பது தகும் என்று பன்னிரண்டாம் பயஸ் சொன்னார். சாவை நோக்கமாகக் கொள்ளாமல் வலியைத் தணிக்க மட்டுமே கொடுக்கும்போது, அந்த மருந்தால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் அது தகும் என்றார். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்புப் பணி, பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. அங்கே டாக்டர்களும் செவிலியர்களும் மட்டும் அல்ல, அக்கம்பக்கத்தில் இருக்கிற சாதாரண மக்களே பயிற்சி பெற்று, படுத்திருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம் அன்பியங்களால் முடியாதா?

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? வீட்டார் இயேசுவிடம் போய்ச் சொன்னார்கள் என்று நற்செய்தி சொல்கிறதே, அங்கிருந்தே தொடங்குவோம். காய்ச்சலில் கிடந்த அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்காக மற்றவர்கள் பேசினார்கள். ஒருவருக்காகப் பேச வேண்டுமென்றால், அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் கல்யாணச் செலவைப் பற்றிப் பேசுவோம், வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுவோம், சாவைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். பேசினால் “வாயைக் கழுவு” என்போம். விளைவு, அம்மாவின் விருப்பம் என்ன என்பது ஐ.சி.யு. வாசலில் நிற்கிற ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பேசி, அம்மா போன பிறகும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பார்கள்.

பெரியவர்களே, நீங்கள் நலமாய் இருக்கும்போதே பிள்ளைகளை உட்காரவைத்து உங்கள் மனத்தைச் சொல்லிவிடுங்கள். நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. தன் இறுதிக் கட்டச் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் எழுதலாம். நீதிமன்றம் பயன்படுத்தும் சொற்களும் திருஅவை பயன்படுத்தும் சொற்களும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆகவே எழுதும் முன் உங்கள் குடும்ப மருத்துவரிடமும் பங்குத்தந்தையிடமும் பேசுங்கள்.

பிள்ளைகளே, டாக்டரிடம் கேட்கப் பயப்படாதீர்கள். இந்தச் சிகிச்சை குணமாக்குமா, நாளைத் தள்ளிப்போட மட்டும் செய்யுமா? செய்தால் எவ்வளவு வேதனை? செய்யாவிட்டால் வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி? வீட்டுக்கு அழைத்துப் போக முடியுமா? நாங்கள் பக்கத்தில் இருக்க முடியுமா? இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பதற்றத்தில் கேட்க வந்ததெல்லாம் மறந்துபோகும். நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள். அவர்களுக்கும் அது பாரத்தை இறக்கிவைத்ததுபோல் இருக்கும்.

அடுத்தது, இயேசு கட்டிலருகே போனார். நம் காலத்தில் பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். வளைகுடாவிலும், கனடாவிலும், பெங்களூரிலும் பிழைப்பு. விருப்பப்பட்டுத் தூரம் போனவர்கள் குறைவு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இங்கே நிற்கவில்லை. ஊரடங்கு நாள்களில், பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நனைந்த செவிலியர்கள் தங்கள் கையில் செல்போனைப் பிடித்து, சாகக் கிடந்தவர்களுக்குப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டினார்கள். அன்று அந்தச் சின்னத் திரை இறைவன் கொடுத்த ஜன்னல். தூரத்தில் இருக்கிறவர்களே, தினமும் அழையுங்கள். முகத்தைக் காட்டுங்கள். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் தாய்க்கும் தந்தைக்கும் பக்கத்தில் இருக்கிற ஒரு கையைத் தேடிக் கொடுங்கள். வீட்டுக்குள் கேமரா வைத்து அம்மா விழுந்துவிட்டாரா என்று பார்க்கலாம். விழுந்தவரைக் கேமரா தூக்கிவிடாது.

இங்கேதான் பங்குச் சமூகம் வர வேண்டும். வருகிற பிப்ரவரி 11 லூர்து அன்னையின் விழா. அன்றுதான் உலக நோயாளர் நாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அதை ஏற்படுத்தினார், 1993இல் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அந்த நாளில் நோயாளர்களுக்குத் திருப்பலி வைத்து, ஆளுக்கொரு பழம் கொடுத்து அனுப்புவது நல்லதுதான். அதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் படுத்திருப்பவர்கள் யார் யார், தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போகட்டும். போகும்போது அறிவுரை எதுவும் எடுத்துச் செல்ல வேண்டாம். “உங்களுக்கு என்ன குறை, நல்லாத்தான் இருக்கீங்க” என்று சொல்ல வேண்டாம். வீட்டில் பார்த்துக்கொள்கிற மருமகளிடம், “நீ போய் ஒரு மணி நேரம் தூங்கிட்டு வா, நாங்க இருக்கோம்” என்று சொன்னால் போதும். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பெரிய கொடை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடைசித் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது, தாம் நோயுற்றிருந்ததைச் சொல்லி, நம்மிடம் எதிர்பார்ப்பது தம்மைக் குணமாக்கினோமா என்பதை அல்ல. தம்மைக் கவனித்தோமா என்பதைத்தான்.

அருள்பணியாளர்களை அழைப்பதைப் பற்றியும் மனம் திறந்து சொல்கிறோம். பழைய மறைக்கல்வியில் படித்தவர்களுக்கு ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பெயர் நினைவிருக்கும். மூச்சு இழுக்கும்போதுதான் சாமியாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை ‘நோயில்பூசுதல்’ என்று அழைப்பதே பொருத்தம் என்றது. கடுமையான நோய் வந்ததும், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், முதுமையில் உடல் தளர்ந்ததும் அதைப் பெறலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். “சாமியாரைப் பார்த்தா பாட்டி பயந்திருவாங்க” என்று தள்ளிப்போடாதீர்கள். பாட்டிக்கு நினைவு இருக்கும்போது, ஒப்புரவு பெற்று, நற்கருணை வாங்கி, உங்களோடு சேர்ந்து ஒரு அருள்நிறை மரியே சொல்ல முடிகிறபோது அழையுங்கள். பயப்படுகிறது பெரும்பாலும் பாட்டி அல்ல, நாம்தான்.

நற்செய்தியின் கடைசிப் பகுதிக்கு வருவோம். அன்று மாலை ஊரே அந்த வீட்டு வாசலில் கூடியது. இயேசு பலரைக் குணமாக்கினார். மறுநாள் விடியும் முன் தனிமையான இடத்துக்குப் போய்த் தந்தையிடம் செபித்தார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். வாசலில் இன்னும் நோயாளர்கள் இருந்திருப்பார்கள். அவர் குணமாக்கியவர்களும் ஒருநாள் இறந்தார்கள். சீமோனின் மாமியாரும் பிறகு ஒருநாள் காய்ச்சலோ முதுமையோ வந்து கண்மூடியிருப்பார். சாவே வராமல் பண்ணுவதற்காக ஆண்டவர் வரவில்லை. சாவைத் தாண்டி நம்மை அழைத்துச் செல்லவே வந்தார். இந்த விசுவாசம் நமக்கு இருந்தால், மருத்துவத்தால் இனி முடியாது என்று ஆகிறபோது எல்லாமே முடிந்துவிட்டதாக நினைக்க மாட்டோம்.

நம் மூதாதையர் நல்ல மரணத்திற்காகத் தினமும் மன்றாடினார்கள். அதற்குப் பாதுகாவலராகப் புனித சூசையப்பரைத்தான் வைத்திருந்தார்கள். ஏன் அவர்? அவர் இறந்ததைப் பற்றித் திருவிவிலியம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருபக்கம் இயேசுவும் மறுபக்கம் மரியாவும் இருக்க அவர் கண்மூடியிருப்பார் என்று திருஅவை தொன்றுதொட்டு நம்பி வந்திருக்கிறது. நாசரேத்துத் தச்சனின் வீட்டில் மருத்துவ வசதி என்று சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. அதனால்தான் அது நல்ல மரணம்.

இந்த வாரம் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. நமக்குத் தெரிந்த ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போவோம். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலருகே அரை மணி நேரம் உட்காருவோம். பேச ஒன்றும் வராவிட்டால் பரவாயில்லை. கையைப் பிடித்துக்கொள்வோம்.

செபிப்போம்: எங்கள் விண்ணகத் தந்தையே, மருந்தையும் மருத்துவரையும் கருவிகளையும் எங்களுக்குத் தந்தமைக்காக நன்றி கூறுகிறோம். அவற்றை அளவறிந்து பயன்படுத்தும் ஞானத்தைத் தாரும். முடிவெடுக்க முடியாமல் மருத்துவமனை வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்குத் துணிவைத் தாரும். முடிவெடுத்துவிட்டு மனம் நொந்து வாழ்கிறவர்களுக்கு ஆறுதலைத் தாரும். இன்றிரவு தூங்காமல் புரளும் நோயாளர் அனைவருக்கும் பக்கத்தில் ஒரு கையாக எங்களை அனுப்பும். புனித சூசையப்பரே, நல்ல மரணத்தின் பாதுகாவலரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.